எல்லா ஊரிலும் நிற்கும் ரயில்

...மேல் பெர்த் கிடைத்தால் நல்லது, நடு பெர்த் என்றால் கீழே இருப்பவர் உட்கார ஆசைப்படும்போதெல்லாம் எழுந்து மடக்கிக் கொடுக்க வேண்டும், கீழ் பெர்த் என்றால் கேட்கவே வேண்டாம், கொஞ்சம் மாத்திக்கிறீங்களா, முட்டி வலிக்குது, கைக்குழந்தை இருக்கு என்று யாராவது வந்து நிற்பார்கள், மாட்டேன் என்று சொல்லவா முடியும், மேல் பெர்த்தில் ஏறிவிட்டால் முடிந்தது, தலைக்கு மேலே படுத்திருப்பவளை எட்டிப் பார்த்து ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள்... எக்ஸ்ரே எங்கே எடுக்கிறார்கள் என்று கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் குனிந்தார். நேராகப் போய் இடது பக்கம் என்று அவள் வாய் சொன்னது, கை காட்டியது, அவள் மட்டும் மேல் பெர்த்தைவிட்டு இறங்கவில்லை. மகள் நடக்கப் பழகிய காலத்திலிருந்து ஆஸ்பத்திரி விசாரணை கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பதில் இது ஒரு சௌகரியம், பதில் சொல்ல ஆள் தேவையில்லை, வாயே பார்த்துக்கொள்ளும். ரத்தம் எங்கே கொடுப்பது, ரிப்போர்ட் எப்போது வரும், டாக்டர் வந்துவிட்டாரா, வரவில்லையென்றால் ஏன் வரவில்லை, இங்கே நீலச் சட்டை போட்ட ஒருவர் நின்றாரே பார்த்தீர்களா... அவள் தலைக்கு மேலே பெரிய கடிகாரம் மாட்டியிருக்கிறது, அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே மணி என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் சொல்லத்தான் வேண்டும், பயத்தில் இருக்கிறவர்கள், கேட்டுக்கொண்டிருந்தால் கொஞ்சம் தெம்பு, அவ்வளவுதான், அது அவளுக்குத் தெரியாததில்லை. ஆனால் தெரிந்திருப்பதால் களைப்பு குறைகிறதா என்ன.

ரயில் விஷயத்துக்கு வருவோம். மகளுக்கு எங்கோ ஒரு கோடியில் இருக்கிற கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சேருவதற்கு முன்னால் பெற்றோருடன் வந்து வளாகத்தைச் சுற்றிப் பாருங்கள், விடுதியைப் பாருங்கள், ஆசிரியர்களிடம் பேசுங்கள் என்று ஒரு நாளைக் குறித்து அழைத்திருக்கிறார்கள். டிக்கெட் போடுகிற பொறுப்பு வழக்கம்போல அவள் தலையில், அந்த வீட்டில் எந்தப் பொறுப்புக்கும் வேறு தலை தெரிவதில்லை. ராத்திரி ஏறினால் விடிகிற நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ரயில் ஒன்று இருக்கிறது, எல்லோரும் அதில்தான் போவார்கள், அதைத்தான் அவளும் போட்டிருக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு வேளையில் போனில் தேடிக்கொண்டிருந்தபோது விரல் வழுக்கிப் பட்டியலின் அடிக்குப் போய்விட்டது, அங்கே கிடந்தது அந்த இன்னொரு ரயில். ஓர் இரவு, ஒரு முழுப் பகல், மறுபடி ஓர் இரவு. சுற்றி வளைத்து, எல்லா ஊரிலும் நின்று, பின்னால் வருகிறவற்றுக்கெல்லாம் வழிவிட்டு... இதில் யார் ஏறுவார்கள், பைத்தியமா என்று நினைத்தவள் பட்டியலை மேலே தள்ளவில்லை. நடுவில் மலை இருக்கும், சுரங்கப்பாதை இருக்கும், போனில் சிக்னல் இருக்காது. சிக்னல் இருக்காது என்று மனம் சொன்னபோது உடம்பு அப்படியே தளர்ந்தது, சாப்பாட்டு டப்பா திறந்தபடி கிடக்க, கால்மணி நேரம் அவள் அந்த ரயிலிலேயே போய்க்கொண்டிருந்தாள். தலையணை, ஒரு போர்வை, கொஞ்சம் ரொட்டி, தண்ணீர். புத்தகம் எடுத்துக்கொள்ளலாமா... வேண்டாம், புத்தகம் திறந்தால் அடுத்து என்ன ஆகும் என்று நாமே கேட்டுக்கொள்ள வேண்டிவரும். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் போதும். பகலிலும் தூங்கலாம், பகலில் தூங்கி எத்தனை காலமாயிற்று, காய்ச்சல் வந்தால்கூட எந்த மாத்திரை என்று அவளையே எழுப்பிக் கேட்டு அவளுக்கே கொடுக்கிற வீடு.

வேலை முடிந்து ஏறிய பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது, ஜன்னலோரமாக. ஆகட்டும், கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பதற்குள் போன் அடித்தது, கணவர்தான். அந்தப் பெரிய பாத்திரத்தின் மூடி எங்கே என்றார். அடுப்புக்குக் கீழே, வலது பக்கம் என்றாள். வலது என்றால் நாம் அடுப்பைப் பார்த்து நின்றால் வலதா என்றார். நல்ல மனிதர், அதுதான் கஷ்டமே, ஒரு சுடுசொல் கிடையாது, குடி கிடையாது, அச்சகத்தில் மேற்பார்வை வேலை முடித்து அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிடுவார், வந்து உதவியும் செய்வார், ஒவ்வோர் உதவிக்கும் நாலு கேள்வி. எவ்வளவு உப்பு, எந்தத் துணி, எந்தச் சாவி, இது கெட்டுப்போயிற்றா இல்லை இதன் வாசனையே இப்படித்தானா. இதை யாரிடம் போய்க் குறை என்று சொல்வது, சொன்னால் உனக்கென்ன குறைச்சல் என்பார்கள், நியாயம்தான், குறைச்சல் ஒன்றுமில்லை. எதற்கும் அவள் அங்கே இருந்தாகவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். மூடி கிடைத்துவிட்டது என்றார், பிறகு குரலில் ஒரு உற்சாகம், "ஒரு விஷயம் தெரியுமா, நான் லீவு சொல்லிட்டேன், நானும் வரேன். ரயில்லாம் எதுக்கு, ஃப்ரெண்டு கார் தரேங்கறான், மூணு பேரும் ஜாலியா போலாம், நீ முன்னாடி உட்கார்ந்து வழி மட்டும் சொல்லு." சரி, வீட்டுக்கு வந்து பேசலாம் என்று வைத்துவிட்டாள். வழி மட்டும். ஒரு மனுஷன் பாசமாக நானும் வருகிறேன் என்கிறான், அதற்குப் போய் கண்ணில் தண்ணீர் வருமா யாருக்காவது. வந்தது. பக்கத்தில் இருந்த அம்மாள் பார்த்துவிட்டு இந்த பஸ் மார்க்கெட் போகுமா என்று கேட்டாள். போகும் என்றாள் அவள், மூன்றாவது நிறுத்தம், முன் பக்கமாக இறங்கிக்கொள்ளுங்கள்.

ஊரெல்லாம் கேட்கிறது, பெற்ற பெண் ஒன்றும் கேட்பதில்லை. இங்கே, பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில், அதே படிப்பு இருக்கிற கல்லூரி இருக்கிறது. விண்ணப்பம் போட்டதும் தெரியாது, எதைத் தேர்ந்தெடுத்தாள் என்பதும் தெரியாது, ஒரு நாள் சாப்பிடும்போது முடிவு பண்ணிட்டேன் என்று சொன்னாள், பக்கத்திலிருக்கிற தண்ணீர் தம்ளரை எடுப்பது மாதிரி. ஏன் அவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டதற்கு, அங்கேதான் நன்றாக இருக்கும் என்றாள். அப்பா அவளைப் பெரிய மனுஷி என்று கூப்பிடுவார், பெரிய மனுஷி சொன்னா சரிதான் என்று சிரித்து மறுசோறு போட்டுக்கொண்டார். அம்மா கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்றிருந்தது. ஆரம்பத்தில் இந்தப் பெண் கேட்காமலா இருந்தது, வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொள்ளுமே, பள்ளிக்கூடத்தில் நடந்தது, நடக்காதது, ஏன், எதுக்கு, அப்புறம்... இரு, அப்புறம் சொல்றேன், அம்மாவுக்கு வாய் வலிக்குது. ஒரு தடவை, எனக்கு மட்டும் ஏன்மா தம்பி இல்லை என்று சேலையைப் பிடித்து இழுத்தபோது அரைத்தூக்கத்தில், நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க என்று சொல்லிவிட்டாளாம், கணவர் இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைக்கிறார். அவளும் சிரிப்பாள், மகளும் சிரிப்பாள். எந்த வயதில் அந்தக் கேள்விகள் நின்றன என்று யோசித்தால் பிடிபடவில்லை, குழாயை மூடுகிற மாதிரி ஒரேயடியாக நின்றிருந்தால் தெரிந்திருக்கும். பொறுப்பான பெண், தானே படித்துக்கொள்வாள், எதற்கும் தொந்தரவு கிடையாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான் நினைவிருக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கணவர் சாப்பாட்டு மேசையில் வரைபடத்தைப் பரப்பி வைத்திருந்தார், போனிலேயே எல்லாம் இருக்கிற காலத்தில் காகித வரைபடம், அச்சகத்திலிருந்து கொண்டுவந்திருக்கிறார், சிவப்புப் பேனாவால் கோடு வேறு. எங்கே நிறுத்திச் சாப்பிடலாம், எந்த ஊரில் தங்கலாம், உனக்குப் பின் சீட்டில் தலை சுற்றுமே, முன் சீட்டுதானே... நிஜமாகவே அவளை நினைத்துத்தான் எல்லாம் போட்டிருக்கிறார், அவள் கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை. போனை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். தண்ணீர் வரவில்லை. மோட்டார் போட வேண்டும், நான் போடுகிறேன் என்று கணவர் எழுந்து கீழே போனார், மாடிப்படியிலிருந்து, மேலே இருக்கிற சுவிட்சா கீழே இருக்கிறதா என்று குரல் வந்தது. கீழே இருக்கிறது என்றாள். உடம்பில் ஒரு துளி சக்தி மிச்சமில்லை, இந்த மனிதர் வரட்டும், காரிலேயே போவோம், வழிதானே, சொல்லிக்கொண்டே போய்விடலாம், எத்தனையோ பேருக்குச் சொல்கிறோம், ஒரு ரயில் போனால் என்ன... ஆனால் இந்தப் பயணம் இல்லையென்றால் இனி எப்போது, என்ன காரணம் சொல்லிக் கிளம்புவது, பெண்ணும் போய்விட்டபிறகு இந்த வீட்டில் எல்லாக் கேள்விக்கும் மிச்சம் இருக்கப்போவது அவள் ஒருத்தி.

திரும்பி வந்தபோது மகள் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள், கையில் அம்மாவின் போன். பூட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்த ரயில்தான், மதியத்திலிருந்து அப்படியே திறந்து கிடக்கிறது, எத்தனை பேர் என்ற இடத்தில் மட்டும் ஒன்றும் நிரப்பாமல்.

"அப்பா வர்றாராமே" என்றாள் மகள்.

ஆசைப்படுகிறார் என்றாள் அவள். மகள் திரையை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள், அடர்ந்த புருவம், அப்பாவுடையது, கோணலாகக் கடித்த உதடு மட்டும் அம்மாவுடையது. எப்போது இவ்வளவு உயரமானாள். இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்தது அப்போது, கேட்கப்போகிறோம் என்று தெரிவதற்குள், வெளியே வந்துவிட்டது.

"ஏன்டி அவ்வளவு தூரமாப் பார்த்த?"

மகள் நிமிர்ந்தாள். குழாயில் காற்று கொரகொரத்து, பிறகு தண்ணீர் விழ ஆரம்பித்தது, இரண்டு பேரும் போய் மூடவில்லை.

"நீ ஏம்மா இருக்கிறதுலயே மெதுவாப் போற ரயிலைப் பார்த்து வச்சிருக்க?"

கோபமில்லை, கிண்டலும் இல்லை, நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரியும் இல்லை, பதில் இரண்டு பேருக்கும் தெரியும் என்கிற மாதிரி. மற்றதில் இடம் இல்லை என்று சொல்லலாம், கூட்டம் குறைவு என்று சொல்லலாம், வழியெல்லாம் பார்த்துக்கொண்டு போகலாமே என்று சொல்லலாம், எல்லாம் வரிசையாக வாய்வரை வந்து நின்றன. அப்படியென்றால் இவளும்... இவளுக்கும் இந்த வீட்டைவிட்டு... யாரிடமிருந்து, அப்பாவிடமிருந்து இருக்காது, அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டேதான் இருப்பார்கள். தினமும் சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வாயைத் திறக்கத் தெம்பில்லாத முகத்தோடு உள்ளே வருகிறவள் இந்த வீட்டில் ஒருத்திதான்.

"ரெண்டு பேருக்குப் போடும்மா" என்று மகள் போனை அவள் கையில் வைத்தாள். "அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன். இதுலயே போலாம், ரெண்டுமே மேல் பெர்த். நீ பாட்டுக்குத் தூங்கு. நான் உன்னை எதுவும் கேக்க மாட்டேன்."

சொல்லிவிட்டுப் போய்க் குழாயை மூடினாள், படியில் கணவரின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. இரண்டு என்று போட்டாள். பெயர் கேட்டது, வயது கேட்டது, மகளின் வயதைத் தப்பாக அடித்து, அழித்து மறுபடி அடித்தாள். வேண்டியது கிடைத்துவிட்டது, இரண்டு இரவு, ஒரு பகல், சிக்னல் இல்லாத மலை, எதிரெதிரே இரண்டு மேல் பெர்த், ஒன்றில் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள், இன்னொன்றில் இந்தப் பெண் சொன்ன சொல் தவறாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கும், ஊர் ஊராக ரயில் நிற்கும், கிளம்பும், நிற்கும்... இவளிடம் போய் அப்படியொரு வாக்கை யார் கேட்டார்கள். ஏதாவது கேளேன்டி, ஒன்றே ஒன்று கேள் என்று சொல்ல வேண்டும்போல இருந்தது, ஆனால் அதை எப்படி ஆரம்பிப்பது, இத்தனை வருடத்தில் ஒருவரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. என்ன, டிக்கெட் போட்டாச்சா என்று கேட்டுக்கொண்டே கணவர் உள்ளே வந்தார். போட்டாச்சு என்றது அவள் வாய்.