கை ஓய்ந்த நேரத்துக்குக் கூலி

1

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணி. இந்தக் கதை என்னிடம் சிக்கியது அப்போதுதான். மருத்துவமனையில், கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் என் முறைக்காகக் காத்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு கர்ப்பிணி கைகளால் பேசிக்கொண்டிருந்தாள். எதிரே ஓர் அதிகாரி. அவளைப் பார்க்காமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டது கொஞ்சம். மீதி கட்டியது.

2

முதல் தொடக்கம்: மௌன உலகில் வாழும் அவள்

[அடித்துவிட்டேன். அவள் தையல் கடை வைத்திருக்கிறாள். இயந்திரம் போடும் சத்தத்துக்குப் பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருகிறார். மௌனமாவது, மண்ணாவது.]

இரண்டாவது: தையல்காரிக்குக் காது கேட்காது. எட்டு மாதம். பிரசவ அறையில் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் தன்னுடன் இருக்க வேண்டும் என்கிறாள்.

இதையே வைத்துக்கொள்வோம்.

3

இதுவரை நாத்தனார்தான் கூட வந்தாள். கூலி கேட்காத ஆள். மருத்துவர் கால் மணி நேரம் பேசுவார்; நாத்தனார் திரும்பிக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாள். ரத்த அழுத்தம் ஏறியிருப்பது, புது மாத்திரை வந்த பிறகுதான் தையல்காரிக்குத் தெரிந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்டாள்.

"பயந்துடுவீங்கன்னுதான் அண்ணி." நாத்தனார் இதையும் கைகளால்தான் சொன்னாள்.

[நாத்தனாரை வில்லியாக்கப் பார்த்தேன். மசியவில்லை. ஒவ்வொரு முறையும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவள்.]

4

பெயர்ப்பாளருக்கான செலவை அந்தந்தப் பிரிவே ஏற்க வேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. பிரசவப் பிரிவு தன்னிடம் பணமில்லை என்று குழந்தைகள் பிரிவைக் கை காட்டியது. முதலில் குழந்தை பிறக்கட்டும் என்றது குழந்தைகள் பிரிவு. காது கேளாதோர் சங்கம் ஒரு யோசனை சொன்னது: எல்லாப் பிரிவுகளும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒரு பொது நிதியில் பணம் போட்டுவிடட்டும். பிறகு யார் வந்தாலும், இது யார் தலையில் என்ற பேச்சே எழாது.

(நிதியைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் கதை தாங்காது. முடிந்தது.)

பெயர்ப்பாளரின் வேலையை நேரில் பார்த்து முடிவு சொல்வதாக மருத்துவமனை நிதி அதிகாரி சொல்லியிருந்தார். அதுதான் அந்தச் செவ்வாய். சங்கம் அன்று ஒரு பெயர்ப்பாளர் அம்மாவை அனுப்பியிருந்தது.

5

மருத்துவர் பேசினார், பெயர்ப்பாளரின் கைகள் ஓடின. தையல்காரி கைகளால் ஏதோ கேட்டாள், பெயர்ப்பாளர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, அதைக் குரலில் சொன்னார். அந்த இடம் வரும்போதெல்லாம் அதிகாரி கடிகாரத்தின் பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

கடைசியில், கை அசைந்த நேரத்துக்கு மட்டும் நிதி தரலாம் என்றார். கஞ்சர் இல்லை. மற்ற நேரம் அந்தப் பெயர்ப்பாளர் அம்மா சும்மா உட்கார்ந்திருப்பதாக நிஜமாகவே நினைத்தார்.

[இங்கே பெயர்ப்பாளர் பொங்கி எழுவதாக ஒரு பக்கம் எழுதினேன். நல்ல பக்கம். ஆனால் வேலையில் இருக்கும்போது அவர் தன் பேச்சைப் பேசக் கூடாது. தொழில் கட்டுப்பாடு அது. எடுத்துவிட்டேன்.]

அதிகாரி சொன்னதை அவர் அப்படியே கைகளில் சொன்னார். தன் கூலி குறைகிறது என்பதை ஒரு சொல் குறையாமல்.

தையல்காரி பார்த்தாள். சிரித்தாள். பிறகு கைகளை உயர்த்தினாள். பெயர்ப்பாளரின் கைகள் மடிக்குப் போயின, குரல் வந்தது.

"அப்போ டாக்டர் என்கிட்ட பேசினா அதுக்குக் காசு உண்டு. நான் டாக்டர்கிட்ட பேசினா கிடையாது. அப்படித்தானே சார்?"

அதிகாரியின் விரல் பொத்தான் மேல் இருந்தது. அமுக்கவில்லை.

6

முடிவுகள்.

ஒன்று: அங்கேயே கையெழுத்து, எல்லோரும் எழுந்து நின்று [இனிப்பு அதிகம்.]

இரண்டு: முடிவு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. பிரசவ அறையில் மருத்துவர் ஏதோ அவசரமாகச் சொல்ல, நாத்தனார் கட்டைவிரலை [எழுத மனம் வரவில்லை. நடக்காது என்பதால் அல்ல.]

மூன்று: இது என் கண்ணால் கண்டது. அதிகாரி எழுந்தார். நாற்காலியைத் தையல்காரிக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அது எட்டவில்லை. இப்படிக் கேட்டதாக இருக்கட்டும். பதில் உங்கள் பாடு.

"வலி விடிய விடிய இழுத்துச்சுன்னா ஒருத்தர் கை தாங்குமாம்மா, இல்ல மாத்திவிட இன்னொருத்தரும் வேணுமா?"