கோதண்டம் காய்ந்துபோன சித்திரை

1968 சித்திரையில், திருவொற்றியூர் இரும்பு வார்ப்பு ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வேலைசெய்த கோதண்டம் சருகாகக் காய்ந்துபோனான். அவன் மனைவி கெங்கம்மா அவனைப் பாய்போலச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தண்டையார்பேட்டைக்குப் பஸ் ஏறினாள். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கிழிக்கப் பார்த்தான். "இன்னாய்யா லக்கேஜு? என் புருசன்யா இது!" என்று அவள் கத்திய கத்தலில் ஆள் டிக்கெட்டே கொடுத்துவிட்டான்.

வெயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் நேரத்தைக் கடத்துகிறார்கள் என்று மேனேஜர் ஆலைக் குழாயைப் பூட்டிவிட்டார். பதிலுக்கு ஆளுக்கொரு உப்பு மாத்திரை. வேர்வையில் போன உப்பைத் திருப்பிக் கொடுக்கிறாராம், மகராசன்! கூடவே போன தண்ணீரை யார் கொடுப்பது? வயிற்றெரிச்சல் என்னவென்றால், உலைக்காரர்கள் ஒருத்தனும் வாய் திறக்கவில்லை. உடம்பு கொதிக்கும்போது தண்ணீர் உள்ளே போனால் நரம்பு இழுத்துக்கொள்ளும் என்று நம்பியவர்கள் அவர்கள். குழாய் திறந்திருந்த நாளிலும் வாய் கொப்பளித்துத் துப்பிவிடுவார்கள். கோதண்டத்துக்கு முதலில் மூத்திரம் மஞ்சளாகி நின்றது, பிறகு வேர்வை நின்றது. கடைசியில் அவன் தொப்பென்றுகூட விழவில்லை, காகிதம் மாதிரி ஆடி ஆடி இறங்கினான். ஆலை டாக்டர் தொட்டுப் பார்த்து, நாடி இருக்கிறது, ஆகவே ஆலைக்குப் பொறுப்பில்லை என்றார்.

வீட்டில் பிரித்துப் போட்டு, கெங்கம்மா குடம் குடமாக வெறும் தண்ணீர் ஊற்றினாள். வாயில் ஊற்றியது கால் வழியே ஓடியது. ஆத்திரம் பொங்க, "இத்தயாவது துன்னுய்யா!" என்று அடுப்பிலிருந்த ரேஷன் அரிசிக் கஞ்சியை ஆற்றி, உப்புப் போட்டு ஊற்றினாள். அது தங்கியது. அரிசியின் மாவுச்சத்து வயிற்றில் சர்க்கரையாகும். அந்தச் சர்க்கரை உப்பை இழுக்கும், உப்பு தண்ணீரை இழுக்கும். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, ஊற்றிக்கொண்டே இருந்தாள். விரல்கள் உப்பின, கன்னம் நிறைந்தது, ஒருநாள் கோதண்டம் எழுந்து உட்கார்ந்தான்.

"சங்கு ஊதிட்டானா? ஷிப்டுக்கு நேரமாவுதே" என்றான்.

பளாரென்று அறைந்தாள். அவன் கண் கலங்கியது.

"அழுவாதய்யா! நான் ஊத்துனத்தையெல்லாம் வெளிய வுட்டுகினு கீறியே!"

மறுநாள் ஆலைக்கு அவனோடு அவளும் போனாள். வாட்ச்மேன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். சுத்தியலால் குழாய்ப் பூட்டை உடைத்து, சொம்பை நிரப்பி, உலைக்கு முன்னால் அத்தனை பேரும் பார்க்க அவன் கையில் திணித்தாள். "துப்புனே, இங்கியே கொன்னுடுவேன்." கோதண்டம் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். எந்த நரம்பும் இழுக்கவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராகக் குழாயடிக்கு வந்தார்கள். மேனேஜர் வந்தபோது அவர் தலையைக் கண்டும் ஒருவனும் குடிப்பதை நிறுத்தவில்லை.

அந்த ஆலையில் அதற்குப் பிறகு யாரும் காயவில்லை. எண்ணூர் வரைக்கும் மற்ற ஆலைகளில் சித்திரைக்குச் சித்திரை காய்ந்தார்கள். பெண்கள் போய்ச் சுருட்டிக்கொண்டு வந்து, வழியிலேயே கஞ்சிக்கு அரிசி வாங்கிக்கொண்டார்கள்.