மஹாதேவன் கட்டிய ஆட்டுக்கல்

மதராஸிலிருந்து கப்பலில் ஆட்டுக்கல் வரவழைக்கிறவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. ஹவுராவில் ஒருவர் இருந்தார். ரயில்வே ஆபீஸில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மஹாதேவன். சங்கதி தெரிந்து ஆபீஸே சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, கல்லில் நகக்கீறல்கூட இருக்கக் கூடாது என்று மைத்துனன் சீதாராமனுக்கு இன்னொரு கடுதாசி போட்டார்.

சிரித்தவர்களுக்கு விஷயம் தெரியாது. கல் வேண்டும் என்று கேட்டவள் அவர் மனைவி ஜெயலக்ஷ்மி. இட்லி தின்னும் ஆசையில் கேட்கவில்லை.

ஜெயம் பிறந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குழந்தையைத் தொட்டிலில் போடுகிற நாளில், முதலில் வீட்டு ஆட்டுக்கல்லின் குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் தடவி, புதுத் துணி சுற்றித் தொட்டிலில் விட்டு ஆட்டுவார்கள். அதற்கப்புறம்தான் குழந்தை. கல்லைப் போலக் குழந்தையும் கெட்டியாக இருக்கட்டும் என்று ஒரு பிரார்த்தனை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜெயத்துக்குப் பெண் குழந்தை பிறந்து தொட்டில் கட்டிய அன்று, வீட்டில் குழவி இல்லை. வங்காளத்தில் ஆட்டுக்கல்லுக்கு எங்கே போவது? அடுத்த வீட்டு வங்காளி மாமி, மாஷிமா, தன் அரைகல்லின் சின்ன உருளையைக் கொடுக்க வந்தாள். இரவல் கல் ஆகுமோ ஆகாதோ என்று ஜெயம் தயங்கி நின்றபோது, மஹாதேவன் கேலியாகச் சொன்னார்:

"கல் இல்லேன்னா என்ன ஜெயம்? குழந்தையைத்தானே போடப்போறோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயமும் சிரித்தாள். குழந்தையைப் போட்டார்கள். அந்த மழைக்காலம் முடிவதற்குள் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை. அவள் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அவர் சாப்பிட உட்காரும்போதும், அவள் விளக்கேற்றும்போதும், அன்றைக்கு அவர் சொன்னது இருவருக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது மறுபடியும் அவளுக்கு நாலு மாதம். ஒரு நாள் காலையில், "ஏன்னா, இந்தத் தடவை கல் வேணும்" என்றாள். அன்றைக்கே சீதாராமனுக்கு முதல் கடுதாசி போயிற்று.

கப்பல் மாசி மாதத்தில் வந்து சேர்ந்தது. அக்கரையில், கல்கத்தாத் துறையின் கிடங்கில் கல் காத்துக்கொண்டிருந்தது. மஹாதேவன் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அமாவாசை நெருங்கியிருந்தது. நிறைந்த நாள்; ஒரு பொருளை வீட்டுக்குக் கொண்டுவர அதைவிட நல்ல நாள் உண்டா? அமாவாசையன்று காலையில் தர்ப்பணத்தை முடித்துவிட்டு, ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினார். நானும் வருவேன் என்று ஜெயம் பிடிவாதம் பிடித்தாள். கல்லில் விரிசல் இருந்தால் தன் கைக்குத்தான் தெரியும் என்பது அவள் கட்சி.

வாசலில் வண்டி ஏறும்போது மாஷிமா ஓடிவந்தாள். "ஜெயா, இன்றைக்கு அமாபஷ்யா. கங்கைப் பக்கம் போகாதே" என்று வங்காளியில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர்களுக்கு அமாவாசை ஆகாது போலிருக்கிறது, நமக்கு நல்ல நாள்தானே என்று ஜெயம் நினைத்தாள். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். மாஷிமா சொன்னது நாளைப் பற்றி அல்ல, ஆற்றைப் பற்றி என்பது அவளுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

குதிரை வண்டி மிதவைப் பாலத்தின் மேல் போனபோது ஜெயம் பாதித் தூக்கத்தில் இருந்தாள். இந்தத் தடவை அவளுக்கு அப்படித்தான். பகல் முழுவதும் ஒரு மயக்கம் கண்ணிலேயே நிற்கும். பலகைகள் அடியில் மெல்ல ஏறி இறங்க, பனிக்குள் கப்பல்களின் பாய்மரங்கள் வேரில்லாத மரங்களாக நின்றன. தான் போகிறோமா, ஆறு போகிறதா என்பதுகூட அவளுக்கு நிச்சயமாக இல்லை. வயிற்றுக்குள் இருப்பது ஒரு தரம் புரண்டுவிட்டு அடங்கியது.

கிடங்கில் வைக்கோலை விலக்கியதும் கறுப்பாக, பளபளவென்று கல் உட்கார்ந்திருந்தது. ஜெயம் அதைச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள். குழிக்குள் கையை விட்டுத் தடவினாள். குழவியை இரண்டு கையாலும் அணைத்து, தலையிலிருந்து அடிவரை விரல் ஓட்டிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

அப்புறம் மஹாதேவன் கட்ட ஆரம்பித்தார். துறைக் கடையில் ஒரு சுருள் கயிற்றை முழுசாக வாங்கியிருந்தார். குழவி தனியாக உருண்டால் மூக்குடைந்துவிடும் என்று, குழிக்குள் வைக்கோல் திணித்து, குழவியை உள்ளே உட்கார்த்தி, சாக்கைப் போர்த்தி, கல்லையும் குழவியையும் ஒரே மூட்டையாக்கினார். குறுக்கே ஒரு சுற்று, நெடுக்கே ஒரு சுற்று, முடிச்சு. மறுபடியும் சுற்று, முடிச்சு. கூலிக்காரர்கள் மூங்கிலை வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள்.

"போறும்னா. எத்தனை முடிச்சுதான் போடுவேள்?"

"இரு, இன்னும் ஒண்ணே ஒண்ணு."

அந்த 'ஒண்ணே ஒண்ணு' முடிவதாக இல்லை. ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்துவிட்டு அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் ஜெயத்துக்குத் தெரிந்தே இருந்தது. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் குனிந்து சாக்கின் நுனியை இழுத்துவிட்டாள்.

கட்டி முடிப்பதற்குள், கப்பல்களுக்கு வழிவிடப் பாலத்தின் நடுப்பகுதியை விலக்கிவிட்டார்கள். இனிமேல் மாலைவரை வண்டி போகாது என்றார்கள். படித்துறையில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஒருவனும் வரச் சம்மதிக்கவில்லை. கடைசியில் ஒரு தாடிக்காரப் படகோட்டி, தன் மகனைப் பார்த்து, ஆற்றைப் பார்த்து, ஜெயத்தின் வயிற்றைப் பார்த்து, "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஏறச் சொன்னான்.

நாலு பேர் மூங்கிலில் தொங்கவிட்டுக் கல்லைப் படகின் நடுவில் இறக்கினார்கள். படகு ஒரு பெருமூச்சு விட்டு அமிழ்ந்து நின்றது. அதோடாவது மஹாதேவன் விட்டாரா? மிச்சமிருந்த நீளக் கயிற்றின் மறுநுனியைப் பாய்மரத்தின் அடியில் கொண்டுபோய்க் கட்டினார். அங்கேயும் முடிச்சு மேல் முடிச்சு.

"பாத்தொர் கி பாலாபே, பாபு?" கல் என்ன ஓடியா போய்விடும் என்று படகோட்டி சிரித்தான்.

நடு ஆற்றில் வெயில் கனிந்திருந்தது. துடுப்பின் சத்தம் மட்டும் கேட்டது. ஜெயம் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு, சாக்கு வழியாகக் குழவியின் தலையை உணர்ந்தபடி கண்ணை மூடினாள். வந்துவிட்டது. இன்னும் பாதி ஆறுதான். இந்தக் குழந்தைக்கு ஒன்றும் வராது.

அவள் கண்ணைத் திறந்தது ஒரு கூச்சலில். இரண்டு கரையிலிருந்தும் ஜனங்கள் கத்தினார்கள்: "பான்! பான்!"

தெற்கே, ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அது வந்துகொண்டிருந்தது. 'பான்' என்கிற அந்தக் கடல் ஏற்றம் அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சுவராக எழும்பி ஆற்றுக்குள் நுழையும் என்பதும், அந்த நாட்களில் கல்கத்தாப் படகோட்டிகள் கரையை விட்டு அசையமாட்டார்கள் என்பதும், கும்பகோணத்துப் பஞ்சாங்கத்தில் போடாத சமாசாரங்கள். படகோட்டி 'அல்லா' என்று சொல்லிப் படகின் மூக்கை நேராக அதன் பக்கம் திருப்பினான்.

பயப்படக்கூட ஜெயத்துக்கு நேரமில்லை. ஆறு அவளை எடுத்தது. மெதுவாக, உயரமாக, யாரோ இரண்டு கையில் ஏந்துகிற மாதிரி எடுத்தது. ஒரு கணம் கல்கத்தா முழுவதும் காலுக்குக் கீழே கிடந்தது. பிறகு இறக்கி விட்டது. நனைந்து, மூச்சுத் திணறி, எல்லாரும் இருந்தார்கள். அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அவ்வளவு இல்லை. அலைக்குப் பின்னால் வந்த வெள்ளம் படகை வடக்கே தள்ளிக்கொண்டு ஓடியது. வடக்கே பாலம். அதன் இரும்பு மிதவைகளும், அவற்றைப் பிணைத்த சங்கிலிகளும், சங்கிலிகளில் மோதி நுரைக்கிற தண்ணீரும் கிட்டக் கிட்ட வந்தன. படகோட்டி நங்கூரத்தை வீசினான். பழைய கயிறு, பட்டென்று அறுந்தது. அவன் திரும்பி, கல்லைப் பார்த்தான். இனி நங்கூரமாக அது ஒன்றுதான் இருந்தது.

மஹாதேவன் கல்லின் மேல் விழுந்து முடிச்சுகளைப் பிடுங்க ஆரம்பித்தார். "குழவியை மட்டும் எடுத்துடறேன்! ஜெயம், குழவியை மட்டும் எடுத்துடறேன்!" ஈரத்தில் இறுகிப்போன முடிச்சுகள். ஒன்றுகூட இளகவில்லை. அவர் நகக்கண்ணில் ரத்தம் வந்தது. படகோட்டியின் மகன் அழுதுகொண்டே மூங்கிலைக் கல்லுக்கடியில் கொடுத்து நின்றான்.

ஜெயம் ஒரு தடவை குழவியின் தலையை அழுத்தினாள். உள்ளே குழந்தை உதைத்தது. அவளுக்கு அந்த நிமிஷத்தில் ஒரே ஒரு விஷயம்தான் தெரிந்தது: இது வயிற்றில் இருக்கிறது, அது கல்.

"விடுங்கோ. அவிழ்க்காதேங்கோ" என்றாள். "போட்டுடுங்கோ."

அவர் அசையவில்லை. அவள் தன் கையால் அவர் கையை எடுத்து விலக்கினாள். மூன்று ஆண்களும் சேர்ந்து நெம்பினார்கள். கல் ஒரு கணம் விளிம்பில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போயிற்று. கயிற்றுச் சுருள் அதன் பின்னாலேயே ஓடியது. பாய்மரம் ஒரு தடவை முனகியது. படகு வெடுக்கென்று நின்று, தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு, அதே இடத்தில் ஆடத் தொடங்கியது. மஹாதேவன் போட்ட முடிச்சு ஒன்றுகூட நழுவவில்லை.

வெள்ளம் தணியும்வரை அப்படியே கிடந்தார்கள். ஜெயம் பாய்மரத்தில் சாய்ந்து, விறைத்து நின்ற கயிற்றின் மேல் உள்ளங்கையை வைத்தாள். அடியிலிருந்து ஒரு அதிர்வு ஏறி வந்துகொண்டே இருந்தது. படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிற்று. பழைய மயக்கம் திரும்பி வந்தது. கண்ணுக்குள், ஆற்றின் அடியில், பச்சை வெளிச்சத்தில் ஒரு தொட்டில் தெரிந்தது. அதில் குழவி படுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் பெண், இரண்டு வயசு இருக்கும், சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு குழவியைத் தட்டித் தூங்கப்பண்ணிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்கக்கூட அதற்கு ஒழியவில்லை. ஜெயத்துக்குக் கண்ணீர் வழிந்தது. துக்கமாக இல்லை.

நீர் அடங்கியதும் கயிற்றை இழுத்துப் பார்த்தார்கள். கல் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. மூன்று பேர் இழுத்தும் படகுதான் சாய்ந்ததே தவிர அது வரவில்லை. பாய்மரத்து முடிச்சையும் மஹாதேவனால் அவிழ்க்க முடியவில்லை. படகோட்டி கத்தியை எடுத்துவிட்டு, அவரைக் கேட்காமல் ஜெயத்தின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையசைத்தாள்.

கரையில் இறங்கியபோது மஹாதேவன் சொன்னார்: "ஒரு கல்லைக்கூடப் பத்திரமாக் கொண்டுவந்து சேர்க்கத் தெரியலை எனக்கு." அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நடந்தாள்.

மறுபடி சீதாராமனுக்கு எழுதட்டுமா என்று பங்குனியில் ஒரு தடவை கேட்டார். "வேண்டாம்" என்றாள். கோபம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். அவளுக்கும் விளக்கத் தெரியவில்லை. படகில் இருந்த தைரியம் வீட்டுக்கு வந்ததும் போய்விட்டிருந்தது; சில நாள் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

ஆனி மாதம், மழை கொட்டுகிற ஒரு நாளில், பெண் பிறந்தது. தொட்டில் கட்டுகிற அன்று, கரக்பூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்திருந்த குடும்பத்துச் சாவித்ரி மாமி புடவைத் தலைப்புக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வந்தாள். அவள் வீட்டு அம்மிக் குழவி. குளிப்பாட்டி, மஞ்சள் தடவியே கொண்டுவந்திருந்தாள். மாஷிமா சங்கை வாயில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள். மஹாதேவன் முக்காலியின் மேல் ஏறி, உத்தரத்தில் தொட்டில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பிடிடி ஜெயம், முதல்ல இதைப் போடு" என்றாள் மாமி.

ஜெயம் குழந்தையைப் பார்த்தாள். பிறகு மேலே, முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த மனுஷருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"கல் இல்லேன்னா என்ன மாமி? குழந்தையைத்தானே போடப்போறோம்?"

முக்காலியின் மேல் நின்ற மஹாதேவனின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. அவர் திரும்பவில்லை. தோள்கள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கின. மாஷிமா சங்கை ஊதினாள். ஜெயம் குனிந்து குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு, "அதான் கட்டியாச்சே, இறங்கி வாங்கோ" என்றாள்.

"இரு" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இன்னும் ஒண்ணே ஒண்ணு."