ஒரே ஒரு எக்ஸ்டர்ன் வரி

…பதினாறு பிட் என்றுதானே அங்கே இருந்தது, இப்போதுதானே பார்த்தேன், பிறகு எதற்கு இது இப்படி எரிந்து விழுகிறது என்று அவள் நாற்காலியை மேசைக்கு இன்னும் நெருக்கி இழுத்துக்கொண்டாள். திரையில், நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் சிவப்பெழுத்தில் ஒரே பிழையைச் சொல்லிக்கொண்டிருந்தது, ஒரே மாறிக்கு இரண்டு வகை சொல்லியிருக்கிறீர்கள், இரண்டும் ஒத்துப்போகவில்லை… காலையிலிருந்து மூளையே தேவைப்படாத வேலை, இதிலுமா தப்புச் செய்வேன்? பாதுகாப்பான நிரலுக்கான விதிமுறை கேட்பது சின்ன விஷயம். ஒரு கோப்பில் பிறந்த மாறி, அதாவது ஓர் எண்ணைத் தாங்கும் பெயர், இன்னொரு கோப்புக்கு வேண்டுமென்றால், அது வெளியே இருக்கிறது, இன்ன வகை என்று சொல்லும் எக்ஸ்டர்ன் வரி ஒரே இடத்தில், பொதுவான ஒரு ஹெடர் கோப்பில் இருக்க வேண்டும், பெற்றவனும் கடன் கேட்பவனும் அந்த ஒன்றையே எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் இங்கே ஆளாளுக்குத் தங்கள் கோப்பின் தலையில் கைக்கு வந்தபடி எழுதி வைத்திருந்தார்கள், சரிபார்க்கும் கருவியை ஓட்டியபோது எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக வந்து விழுந்தன, மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி விளக்கம் எழுதி மூடிவிடலாம் என்றார், பாதுகாப்புச் சான்றிதழ் கொடுப்பவர்கள் அதையும் ஒப்புக்கொள்வார்களாம். அவள்தான் வேண்டாம் சார், நானே சரிசெய்கிறேன் என்று வம்பை விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

ஒருவேளை ஹெடரில் தட்டச்சுப் பிழையோ… இல்லை, சரியாகத்தான் இருக்கிறது. சென்சார் கோப்பில் மாறி பிறந்த இடம், பதினாறு பிட். அவள் ஹெடரில் எழுதியது, பதினாறு பிட். அப்படியானால் எந்தக் கோப்பு கத்துகிறது? அலாரம் கோப்பு. அதன் தலைப்பக்கத்துக்குப் போனாள், அங்கே அவள் இன்னும் அழிக்காத பழைய எக்ஸ்டர்ன் வரி, என்றைக்கோ வேலையை விட்டுப் போய்விட்ட யாரோ ஒருவர் கையால் எழுதியது, அதில் முப்பத்திரண்டு பிட். அட, இவ்வளவுதானா, அழித்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று விரல் அழிக்கும் விசைமேல் போனது, போன விரல் அப்படியே நின்றது… எந்த மாறி இது? பெயரைப் படித்தாள். குழந்தையின் தோல் வெப்பம்.

இன்குபேட்டர், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டி, இரண்டு வருடமாக இந்த மாடியில் எல்லோரும் மூச்சுவிடுவது அதற்காகத்தான், அது சில மாதங்களாக ஆஸ்பத்திரிகளில் காரணமில்லாமல் அலறுகிறது. குழந்தை நிம்மதியாகத் தூங்கும், தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் வெப்பம் சரியாக இருக்கும், பெட்டி மட்டும் குழந்தை கொதிக்கிறது என்று ஊரைக் கூட்டும். புகார் சொல்லத் தொலைபேசியில் வந்த நர்ஸ் ஒருத்தி, குரலில் கோபம்கூட இல்லாமல் சொன்னாளே, "அது சும்மா கத்துதுங்க. நாங்க இப்ப துணிய வெச்சு அமுக்கிட்டு எங்க வேலையப் பாக்குறோம்." அதைக் கேட்ட நாளில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா கத்துகிறது என்று அமுக்கப்பட்ட பெட்டி, ஒரு நாள் உண்மையாகவே கத்தினால்? பழி முழுக்க சென்சார்மேல் விழுந்தது, சென்சாரைச் செய்தது அவள் கணவன், கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருப்பவன். பெட்டியின் கதவைத் திறந்து மூடியபின், போன சூட்டை மீட்க ஒரு விசிறி சுற்றும், அது சுற்றும்போதுதான் அலாரம் அடித்தது, அதனால் விசிறியின் அதிர்வில் சென்சாரின் இணைப்பு ஆடுகிறது என்று ஆளுக்கு ஆள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். அவன் இணைப்பை மாற்றினான், பசை வைத்துப் பார்த்தான், ஆட்டும் மேசையில் வைத்து ஆட்டிப் பார்த்தான், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் டம்ளர் டம்ளராக வெந்நீர் வைத்துச் சென்சாரை முக்கி முக்கி எடுத்தான், கடைசியில் வீட்டில் பேச்சே குறைந்துபோயிற்று. இன்று மதியம் கூட்டம், வேறு நிறுவனத்துச் சென்சாருக்கு மாறுவது, அவனை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவது, எல்லாம் பேசி முடித்தாயிற்று, கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

முப்பத்திரண்டு… அப்படியென்றால் அலாரம் கோப்பு இத்தனை நாளாக இரட்டிப்பு இடத்தைப் படித்திருக்கிறது, வெப்பத்தை மட்டுமல்ல, நினைவகத்தில் அதற்கு அடுத்த வீட்டில் குடியிருப்பவனையும் சேர்த்து ஒரே எண்ணாகப் படித்திருக்கிறது. கம்பைலருக்கு எப்படித் தெரியும்? அது ஒரு நேரத்தில் ஒரு கோப்பைத்தான் பார்க்கும், கோப்புகளைக் கோக்கும் லிங்கரோ பெயர் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கும், வகையைக் கேட்காது. இன்றைக்கு ஹெடரைக் கொண்டுபோய் அந்தக் கோப்பில் வைத்ததால்தான் இரண்டு வரிகளும் முதன்முறையாக நேருக்கு நேர் முகம் பார்த்தன. சரி, அடுத்த வீட்டில் யார்? நினைவக வரைபடத்தைத் திறந்தாள். பழைய பதிப்பில் அந்த இடத்தில் யாரும் தொடாத ஒரு மாறி, எப்போதும் சுழியம், அதனால் கூட்டிப் படித்தாலும் குடி முழுகவில்லை. புதிய பதிப்பில், அலாரம் அலறத் தொடங்கிய அதே பதிப்பில், அங்கே வந்து உட்கார்ந்திருந்தது விசிறியின் வேகம். விசிறி சுற்றினால் போதும், அந்த எண்ணும் சேர்ந்துகொண்டு குழந்தை கொதிப்பதாகக் கணக்காகிவிடும்.

படியிறங்கியது அவளுக்கு நினைவில்லை, லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை என்பது மட்டும் தெரியும், மடிக்கணினியைத் திறந்தபடியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள், காவலாளி என்னம்மா என்னம்மா என்று பின்னால் கேட்டார். ஆய்வுக்கூடத்தில் மேலாளர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார், கூட்டத்துக்கு முன்னால் நல்ல வார்த்தை நாலு சொல்லிப் போகலாமென்று வந்திருப்பார் போல, அவள் கணவன் தலை குனிந்து கம்பி ஒன்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான், சுருட்டிய கம்பியையே மறுபடி பிரித்துச் சுருட்டினான். அலுவலகத்தில் அவள் அவனை வாங்க போங்க என்றுதான் பேசுவாள், கல்யாணமான நாளிலிருந்து கட்டிக் காத்த மரியாதை அது, எல்லாம் வாசற்படியிலேயே காற்றில் போயிற்று.

"டேய், உன் சென்சார்ல ஒண்ணும் இல்லடா."

மேலாளர் திரும்பிப் பார்த்தார். அவன் கம்பியைக் கீழே வைத்தான். அவள் பேசினாள், மூச்சு வாங்கியது, எக்ஸ்டர்ன், முப்பத்திரண்டு, விசிறி என்று தலையும் வாலும் இல்லாமல் வந்தது, மேலாளர் உட்காரும்மா என்று நாற்காலியைத் தள்ளினார், உட்காராமலே திரையைத் திருப்பிக் காட்டினாள். அவர் குனிந்து அந்த வரியைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி படித்தார். "இதத்தான் விளக்கம் எழுதி மூடச் சொன்னேனா?" என்று கேட்டார், யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

சொல்வது போதுமா, பார்க்க வேண்டாமா? ஆய்வுக்கூடத்துப் பெட்டியில் பொம்மைக் குழந்தை ஒன்று கிடந்தது, அதன் வயிற்றில் சென்சார். முதலில் பழைய நிரல். அவன் கதவைத் திறந்து மூடினான், விசிறி சுற்றியது, பெட்டி அலறியது, அந்தச் சத்தத்தைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வருவது இதுவே முதல் தடவை. பிறகு கையால் எழுதிய அந்த வரியை மூன்று பேரும் பார்த்திருக்க அழித்தாள், ஹெடர் மட்டும் மிச்சம், சிவப்பெழுத்து ஒன்றுகூட இல்லாமல் நிரல் தொகுக்கப்பட்டது, பெட்டியில் ஏற்றினாள். கதவு திறந்தது, மூடியது, விசிறி சுற்றியது… சுற்றிக்கொண்டே இருந்தது… வேறு எந்தச் சத்தமும் இல்லை. வேகத்தைக் கூட்டினான். இல்லை. அப்படியானால் உண்மையான சூட்டுக்குக் கத்துமா, அதையும் பார்த்துவிட வேண்டும் என்று அவனே ஹேர் டிரையரைச் சென்சாரில் காட்டினான், எல்லை தாண்டிய நொடியில் பெட்டி அலறியது, எடுத்ததும் கொஞ்ச நேரத்தில் அடங்கியது. திரும்பத் திரும்பச் செய்தார்கள், சின்னப் பிள்ளைகள் அழைப்பு மணியை அமுக்கி விளையாடுவதைப் போல, மேலாளர்கூட ஒரு தடவை கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தம் கேட்டுப் பக்கத்து அறைக்காரர்கள் வாசலில் கூடிவிட்டார்கள், யாரோ கைதட்டினார்கள். மேலாளர் கூட்டத்தை ரத்து செய்யத் தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார், போகிறவர் நின்று, அந்த நர்ஸுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லும்மா, உன் வாயால சொன்னாத்தான் சரி என்றார். தோளில் இறக்கை முளைத்தது போல இருந்தது, யாரோ எங்கோ பெட்டிமேல் போட்ட துணியை இனி எடுத்துவிடலாம், கத்தினால் ஓடி வரலாம், கத்தாவிட்டால் தூங்க விடலாம், இதற்குமேல் என்ன வேண்டும் ஒருத்திக்கு?

எல்லோரும் கலைந்தபின் அவன் சென்சாரைப் பொம்மையின் வயிற்றிலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது, மறைக்கவில்லை.

"எல்லாரும் என்னையத்தான் சொன்னாங்க. நீ ஒருத்திதான் என்னை நம்புன. இல்லேன்னா இத்தன எச்சரிக்கைய யாரு உக்காந்து தோண்டுவா?"

"ஆமா" என்றாள் அவள், அவனைக் கட்டிக்கொண்டாள், அவன் சட்டையில் உருகிய ஈய வாசனை. நம்பினேனா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன், உங்க டீம் புரோகிராமையும் ஒரு தடவ பாத்துடுங்களேன் என்று மெதுவாகச் சொன்னபோது தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனவள் யார்? மறுநாள் மேலாளரிடம் போய், நானே சரிசெய்கிறேன் என்று நின்றது எதற்கு… எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாத சுத்தமான அறிக்கையை அவன் முன்னால் வைத்து, பார், எங்கள் பக்கம் குறையே இல்லை, குறை உன்னுடையதுதான் என்று காட்டத்தானே? அவன் இன்னும் அவள் கையை விடவில்லை, ஆய்வுக்கூடத்துக்கு வெளியே யாரோ இனிப்பு வாங்கி வரக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள், ஜெயித்தது உண்மை, குழந்தைகள் தூங்குவார்கள், அதுவும் உண்மை… அந்த ஆமா மட்டும் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.