உறவில்லை என்று சொன்ன நாள்

டாக்டர் ஹிலரியைப் பார்த்த உடனேயே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. அறுபத்தைந்து வயது வெள்ளைக்காரி. எங்கள் நாட்டு மலைப் பெண்களைப் போலப் பின்னல் பையின் வாரை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, பிரிஸ்பேன் தீர்ப்பாயத்தின் ஆறாவது மாடிக்கு வந்து நின்றார். பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கும் நானே அந்தப் பையோடு கடைக்குப் போக வெட்கப்படுவேன். போதாததற்கு, அடைக்கலம் கேட்டு வந்திருந்த குகாமேயிடம் அவளுடைய பள்ளத்தாக்கு மொழியிலேயே பேசிச் சிரித்தார். நான் அதே நாட்டில் கொரோக்கா ஊர்க்காரி, எனக்குத் தெரிந்தது எங்கள் நாட்டுப் பொதுமொழியான பிஜின்தான். மொழிபெயர்க்க வந்த நான் ஓரமாக நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க அக்கா வந்துட்டா, தங்கச்சி," என்றாள் குகாமே என்னிடம் பிஜினில். முகமெல்லாம் சிரிப்பு. "இனிமே என்ன பண்ணிடுவாங்கன்னு பாக்கறேன்."

ஹிலரி இளம் மானிடவியல் ஆராய்ச்சியாளராக அவள் ஊரில் இரண்டு வருடம் இருந்தவர். குகாமேக்கு அப்போது எட்டு வயது. அவளுடைய அப்பா பன்றி அடித்து ஊருக்கே விருந்து போட்டு, ஹிலரியைக் காட்டி, இவள் என் மூத்த மகள் என்று சொல்லிவிட்டார். அவர்களுடைய சிம்பு மலையில் பன்றி அடித்துச் சொன்னால் சொன்னதுதான். அதற்குப் பிறகு எந்தக் காகிதமும் வேண்டாம்.

குகாமேயின் கதை சிறியது. கொழுந்தனின் குழந்தை காய்ச்சலில் செத்தது. கைம்பெண்ணான இவள்தான் காரணம், இவள் சங்குமா என்றார்கள். சங்குமா என்றால் ஆளுக்கு வெளியே காயமே தெரியாமல் உள்ளே நெஞ்சைத் தின்றுவிடுகிற சூனியக்காரி. அவள் கையால் எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் வாங்கித் தின்னமாட்டார்கள். இரும்பைக் காய்ச்சி வைத்ததில் இடது காது பாதி போயிற்று. மழை கொட்டி, அவளை எரிக்க மூட்டிய தீ அணைந்த நேரத்தில் ஒரு பாதிரியாரின் வண்டி வந்ததால் உயிர் மிஞ்சியது. பிறகு ஸ்ட்ராபெர்ரி பறிக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியா வந்தவள், திரும்பிப் போகமாட்டேன் என்று அடைக்கலம் கேட்டுவிட்டாள். முதல் அதிகாரி மறுத்தார். வேறு நகரத்துக்குக் குடிபோகலாமே, படித்தவர்கள் நடுவில் இந்தப் பயமெல்லாம் இருக்காதே என்று எழுதியிருந்தார். அன்றைய விசாரணையும் கைவிட்டால் ஊருக்கு விமானம்தான். கொழுந்தன்மார் காத்திருந்தார்கள். இரும்பு இன்னும் சூடாகவே இருக்கிறது என்று போனில் செய்தி அனுப்பியிருந்தார்கள்.

வழக்கறிஞர் நிக்கியின் அலுவலகத்தில் அவள் இதையெல்லாம் சொன்னபோது ஒரே ஒரு இடத்தில்தான் அழுதாள். சூடு வைத்த இடத்தில் அல்ல. "கூட்டம் கேட்டுச்சு, இவளுக்கு யாரு இருக்கான்னு. எங்கண்ணன் அங்கதான் நின்னான். கத்தியோட ஒரு எட்டு முன்னால வந்திருந்தாப் போதும், கலைஞ்சிருப்பாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டான்." அவள் சொன்னது உண்மை. எங்கள் ஊரில் யாரும் இல்லாத பெண்ணைத்தான் எரிப்பார்கள்.

விசாரணை அறையில், தீர்ப்புச் சொல்லப்போகும் உறுப்பினர் லாக்யர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். மெதுவாகப் பேசினார், குகாமேக்கு வணக்கம் சொன்னார். ஹிலரியின் நாற்பத்துமூன்று பக்க அறிக்கையை எடுத்து முன்னால் வைத்துக்கொண்டார்.

"டாக்டர், முதல்ல வழக்கமான கேள்வி. இவங்களுக்கும் உங்களுக்கும் ஏதாவது உறவு உண்டா?"

"இல்லை," என்றார் ஹிலரி.

"நெருங்கின பழக்கம்?"

"ஆராய்ச்சி பண்ணினப்போ தெரியும். அவ்வளவுதான்."

அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று முந்தின நாள் நிக்கி சொல்லிவைத்திருந்தாள். உறவுக்காரர் சொன்னால் அது பாசம், அந்நியர் சொன்னால்தான் அது நிபுணர் சாட்சி. சட்டம் அப்படி. இரண்டு படித்த பெண்களும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்தார்கள், ஆனால் குகாமேயிடம் ஒரு வார்த்தை சொல்ல இருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. என் வேலை அதுவல்ல என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கோபம் எனக்கு என்மேல் இன்னும் தீரவில்லை.

காதில் விழுந்ததை மாற்றாமல் சொல்வேன் என்று பைபிள்மேல் கைவைத்திருக்கிறேன். குகாமே பக்கம் திரும்பிச் சொன்னேன். "இவ எனக்கு உறவில்ல. ஆராய்ச்சி பண்ணினப்போ தெரியும், அவ்வளவுதான்."

குகாமே ஹிலரியைப் பார்த்தாள். ஹிலரி தலையைக் குனிந்து அறிக்கையில் ஏதோ பக்கம் தேடிக்கொண்டிருந்தார்.

குகாமே எழுந்து நின்றாள். கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல ஒரே குரலில் சொன்னாள். "ஆமா. நான் சங்குமாதான். அந்தப் புள்ள நெஞ்சத் தின்னது நான்தான். அடிக்க வேணாம். சீக்கிரம் முடிச்சிருங்க."

அடிப்பாவி, என்ன காரியம் செய்தாய் என்று கத்த வேண்டும் போல இருந்தது. லாக்யர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மொழிபெயர்ப்பாளர் 'அவள்' என்று சொல்லக்கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேன். "நான் சூனியக்காரிதான். அந்தக் குழந்தையின் நெஞ்சைத் தின்றது நான்தான்." என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவர் நம்பமுடியாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னேன்.

நிக்கி வெளிறிப்போய்விட்டாள். ஹிலரிதான் முதலில் வாய் திறந்தார்.

"அது உண்மையில்லை. நான்தான் அவளை அப்படிச் சொல்ல வச்சேன்."

"புரியலையே," என்றார் லாக்யர்.

"அந்த ஊர்ல, சொந்தக்காரங்க கைவிட்ட நிமிஷமே பொம்பளைங்க ஒத்துக்குவாங்க. ஒத்துக்கிட்டா சாவு சீக்கிரம் வரும், அதுக்காகத்தான். பன்னிரண்டாம் பக்கத்துல நானே எழுதியிருக்கேன்." அவருக்கு மூச்சு வாங்கியது. "அவங்கப்பா எனக்காகப் பன்றி அடிச்சார். அவங்க கணக்குப்படி நான் இவளோட அக்கா. இப்போ இவ முன்னாலயே இல்லைன்னுட்டேன்."

"அது அறிக்கையில இல்லையே, டாக்டர்?"

"இல்லை."

"அப்போ இதை ஒரு சுயேச்சையான நிபுணரோட அறிக்கையா நான் எடுத்துக்க முடியாது."

"தெரியும்," என்றார் ஹிலரி. எழுந்து போய்க் குகாமேயின் கையைப் பிடித்துப் பள்ளத்தாக்கு மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. குகாமே கையை உருவிக்கொண்டாள்.

தீர்ப்பு ஏழு வாரம் கழித்து வந்தது. நிக்கி எங்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, கதவைத் திறந்ததுமே, "ஜெயிச்சுட்டோம்! நீங்க இங்கயே இருக்கலாம்!" என்று குதித்தாள். நான் அதைச் சொன்னேன். குகாமே சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அரைமணி நேரம் அழுதோம், சிரித்தோம். பிறகு காரணத்தைப் படித்துச் சொல்லச் சொன்னாள். நிக்கி காகிதத்தை என்னிடம் நீட்டினாள். நான் படித்துப் படித்துப் பிஜினில் சொல்லிக்கொண்டே வந்தேன். நிபுணரின் அறிக்கைக்கு மதிப்புக் கொடுக்கவில்லை என்று இருந்தது. அடுத்த பத்தியில் என் வாய் நின்றுவிட்டது.

'விண்ணப்பதாரர் தம்மைச் சூனியக்காரி என்று கூறியபோது, அவர் அருகில் இருந்த மொழிபெயர்ப்பாளர் தமது நாற்காலியை அவரிடமிருந்து விலக்கிக்கொண்டார். அவர் படித்தவர், நெடுங்காலம் நம் நகரில் வாழ்பவர். தாம் விலகியதை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. வேறு நகரத்துக்குக் குடிபெயர்ந்தால் இந்த அச்சத்திலிருந்து தப்பலாம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது.'

"பொய்!" என்று நிக்கியிடம் கத்தினேன். "நான் ஞாயித்துக்கிழமை தவறாம கோவிலுக்குப் போறவ. சூனியமாவது மண்ணாவதுன்னு எம்புள்ளைங்களுக்குச் சொல்றவ. நான் எங்க நகர்ந்தேன்?" நிக்கி மேசையைப் பார்த்தாள்.

"என்ன போட்டிருக்கு?" என்றாள் குகாமே.

வேறு வழியில்லாமல் சொன்னேன். 'நான்' என்று சொல்ல வரவில்லை. மொழிபெயர்ப்பாளர், மொழிபெயர்ப்பாளர் என்றே சொல்லி முடித்தேன்.

"ஆமா, நகர்ந்த," என்றாள் அவள். கோபமே இல்லை. "தண்ணி கிளாஸயும் சேத்து எடுத்துக்கிட்ட."

அவள் பையைத் துழாவி, துணியில் சுற்றிய சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒன்றை எடுத்தாள். சாம்பலில் சுட்டது, இன்னும் லேசாகச் சூடு இருந்தது.

"உனக்குத்தான் சுட்டேன், தங்கச்சி. நல்ல சேதியோ கெட்ட சேதியோ, நீதான எனக்குச் சொல்லப்போறேன்னு."

வாங்கிக்கொண்டேன். "வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறேன்," என்று என் வாய் தானாகச் சொன்னது.

குகாமே என்னைப் பார்த்தாள். என் கையிலிருந்த கிழங்கை வாங்கி ஒரு கடி கடித்து, மென்று விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"இப்ப சாப்பிடு," என்றாள்.

வாயில் போட்டேன். நான் விழுங்கும்வரை அவள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.