காலியாக இருந்த கட்டம்

பானுப்ரியா வெள்ளைத் துணியைக் கிழித்து, அப்பாவின் கைக்கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டப் போனாள். எதிர்வீட்டு இருசம்மாள் பட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“இரு பானு, கட்டிராத. மனுவுல அவரு இன்னும் கைநாட்டு வைக்கல.”

அப்பா பிச்சைமுத்து விடிகாலை ஐந்து மணிக்கு இறந்திருந்தார். திருச்சி மாநகராட்சி பட்ஜெட் கூட்டம் பத்தரைக்கு. வாய்க்கால்கரையின் நாற்பத்தொரு வீடுகளை இடித்தால் உறையூரிலேயே வேறு வீடு கட்டித் தரவேண்டும், அதற்கு பட்ஜெட்டில் நிதி ஒதுக்கவேண்டும் என்று எட்டு வருடமாக மனு கொடுத்தவர். ‘அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும்’ என்பார். அம்மி நகரவில்லை, செருப்புதான் தேய்ந்தது. இந்த வருடம் கவுன்சிலர் சுபலட்சுமி, மனுவைக் கூட்டத்தில் தானே வாசிப்பதாகச் சொல்லியிருந்தார். ஒன்பது மணிக்கு வாங்கிக்கொள்ள வருவார்.

எழுதத் தெரிந்தவர்களையும் பிச்சைமுத்து கைநாட்டுதான் வைக்கச் சொல்வார். கையெழுத்தை என்னுடையதில்லை என்று சொல்லிவிடலாமாம், ரேகையை அப்படிச் சொல்ல முடியாதாம். எல்லாரும் வைத்த பிறகுதான் அவர் வைப்பார். நாற்பது கட்டங்களில் நீல ரேகை இருந்தது. மனுதாரர் என்று அவர் பெயர் போட்ட முதல் கட்டம் மட்டும் காலி.

“கை இன்னும் முழுசா விறைக்கல. யாருக்குத் தெரியப்போவுது?” இருசம்மாள் ஸ்டாம்ப் பேடைத் திறந்தாள்.

பானு அந்தக் கையைத் தூக்கினாள். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன கை, சில்லென்று இருந்தது. ஐந்து மணிக்கு இறந்தார் என்று ஊருக்கே தெரியும். செத்தவர் கைநாட்டு என்று கூட்டத்தில் ஒருவர் எழுந்து சொன்னால் மற்ற நாற்பதும் பொய்யாகிவிடும்.

“வேணாம் அத்தை. வேற யாராச்சும் மனுதாரரா வைங்க.”

வாசலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். எதிர்க்கரைக்காக மனு போட்ட தமிழ்மணியின் இட்லி வண்டி அந்த வாரமே காணாமல் போனது. எதிர்க்கரை வீடுகளும் போன வருடம் ஒரே காலையில் தரைமட்டம். அங்கிருந்தவர்கள் இப்போது மணப்பாறைப் பக்கம் எங்கோ இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை.

பானுவுக்கு மட்டும் பயமில்லையா என்ன? ஸ்ரீரங்கம் சித்திரை வீதியைக் கூட்டுகிற மாநகராட்சி கான்ட்ராக்ட் வேலை அவளுடையது. சூப்பர்வைசர் அழகிரி போன மாதமே சொல்லியிருந்தார். “உங்கப்பா எதையாச்சும் குடுத்துக்கட்டும்மா. உன் பேரு அதுல வந்துச்சுன்னா, மறுநாள் வேலைக்கு வராத.” அப்பாவும் அதற்காகவே அவளை எந்த மனுவிலும் சேர்க்கவில்லை. இப்போது அழகிரி பந்தலுக்குள்தான் நின்றார், கையில் ரோஜா மாலை.

சுபலட்சுமியின் கார் வந்து நின்றது. அவர் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு, பானுவின் அருகில் குனிந்தார்.

“மனு ரெடியாம்மா? நேரமாவுது.”

இருசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு நிமிஷங்க மேடம்,” என்றாள் பானு.

பேனாவை வாங்கி அப்பாவின் பெயரை அடித்தாள். ஒரே கோடுதான், ஆனாலும் அதற்குள் கண்ணீர் மறைத்துவிட்டது. மேலே தன் பெயரை எழுதினாள். கட்டைவிரலைப் பேடில் அழுத்தி, காலியாக இருந்த கட்டத்தில் வைத்தாள். ஓரம் கொஞ்சம் இழுபட்டது.

சுபலட்சுமி தாளை மடித்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். அழகிரி பானுவின் விரலைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். மாலையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தபடி வாய்க்கால் பாலத்தின் பக்கம் நடந்தார். அவர் பாலம் தாண்டும்வரை பானு பார்த்துக்கொண்டிருந்தாள். நாளை காலை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிறகு அப்பாவின் விரல்களைச் சேர்த்துக் கட்டினாள்.

பதினோரு மணிக்கு ஓயாமரி சுடுகாட்டுக்குப் போகும் வண்டி வந்தது. “வாய்க்கரிசி போடு, பானு,” என்றார்கள். தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். வியர்த்த கையில், காய்ந்த மை மறுபடி இளகியிருந்தது. அப்பாவின் வாயில் விழுந்த அரிசியில் நாலைந்து நீலமாக இருந்தன.