தலையில்லாத மணிக்கூண்டு

மாரெட்பள்ளியில் என் சாப்பாட்டு மேசைமேல், கூரியரில் வந்த ஒரு மணிக்கூண்டை வைத்துக்கொண்டு என் மைத்துனன் கலேப் கொதித்துக்கொண்டிருந்தான். அது இன்னும் கூண்டாகவில்லை. ஏழு தடித்த தாள்கள். வெட்டி, மடித்து, ஒட்டினால் ஒரு சாண் உயரத்துக்கு செகந்தராபாத் மணிக்கூண்டு எழுந்து நிற்கும். வரைந்தவன் நான். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது என்று எழுதி இணையத்தில் போட்டிருக்கிறேன். அதைத்தான் குகட்பள்ளியில் சுபாஸ்ரீ என்று ஒரு பெண் பளபளப்பான உறையில் போட்டு விற்கிறாள். என் பெயரையும் போன் நம்பரையும் மட்டும் சுத்தமாகக் கத்தரித்திருந்தாள். கத்தரிக்கத் தெரிந்தவள்தான்.

"கைக்கு அத்தான், ஏன் சும்மா இருக்கீங்க? இது பக்கா காப்பிரைட் கேஸு" என்றான் கலேப். "அவ விக்கற சைட்டுக்கு கம்ப்ளைன்ட் எழுதி ரெடியா வெச்சிருக்கேன். ஒருக்கா அவகிட்ட பேசுங்க, அவ வாயாலயே ஒத்துக்கட்டும். நீங்க போனை வெச்ச உடனே அனுப்பிடறேன். கடை க்ளோஸ்."

திருடியதில் எனக்கு வருத்தமில்லை. இலவசமாகக் கொடுப்பதைத் திருடுவதற்குத் தனித் திறமை வேண்டும். என் வருத்தம் அந்த ஏழாவது தாள்.

என் வரைபடம் எதிலும் ஒரு துண்டு இருக்காது. மணிக்கூண்டுக்குத் தலை இருக்காது, தேவாலயத்துக்கு மணி இருக்காது. வேண்டுமென்றேதான் விடுகிறேன். எல்லாவற்றையும் ஒட்டி முடித்தவர்கள் கடைசியில் விரலெல்லாம் பசையோடு எனக்குப் போன் செய்வார்கள். துண்டை அனுப்புவேன், அதற்கு முன்னால் அது காணாமல் போன வரலாற்றைச் சொல்வேன். நான் பொய் சொல்வதில்லை. நடந்ததை, நடந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் வைப்பேன், அவ்வளவுதான். என் மனைவி ஜெயசுந்தரி போய்ச் சேர்ந்த பிறகு இந்த வீட்டில் கேட்ட மனிதக் குரல்கள் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். நாக்பூரிலிருந்து ஒரு ஹோமியோபதி டாக்டர் எட்டு மாதிரிகளுக்கும் கூப்பிட்டார்.

சுபாஸ்ரீ தானே ஒரு தலையை வரைந்து ஏழாவது தாளாக உள்ளே சேர்த்துவிட்டாள். அதோடு போன் ஓய்ந்தது. கடைசியாக அழைத்தவன் கடன் வேண்டுமா என்று கேட்டான். அவனுக்கும் ஒரு கதை சொன்னேன். அவன்தான் முதலில் வைத்தான்.

உறையின்மேல் இருந்த நம்பரை அழுத்தி, கலேப் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஹலோ, செப்பண்டி."

"தமிழ்ல பேசலாமாம்மா? நான் சாம்பசிவம், உப்பல்லேர்ந்து" என்றேன். ஞாயிறு தவறாமல் ஆராதனையில் முன்வரிசையில் உட்காருகிற நான் இப்படி ஒரு சிவன் பெயரைச் சொன்னதும் கலேப் கண்களை மூடிக்கொண்டான். எனக்காக ஜெபித்திருக்கலாம்.

"சொல்லுங்க சார், எந்த எடத்துல மாட்டிக்கிட்டீங்க?" கோயமுத்தூர்க் குரல்.

"தலையில. இது வேற ஆள் வரைஞ்ச மாதிரி இருக்கே?"

அவள் சிரித்துவிட்டாள். "கண்டுபுடிச்சிட்டீங்களா! தலை மட்டும் நான் வரைஞ்சதுங்க. மத்ததெல்லாம் ஒரு பெரியவரோடது. சும்மாவே குடுக்கறாரு."

கலேப் கட்டைவிரலை உயர்த்தினான்.

"சும்மா குடுக்கறத விக்கலாமா?"

"கூடாதுதானுங்க. அவரைக் கேக்கோணும்னு தெனம் நெனைக்கறேன். வேண்டாம்னு சொல்லிட்டா என்ன பண்றது? பாப்பா பொறந்து வேலைய விட்டுட்டேன். என்னோடதுன்னு இருக்கறது இது ஒண்ணுதானுங்க."

"அவரு ஏன் தலைய வரையல?"

"பாவம், வயசாயிருச்சுங்க. எல்லாத்துலயும் ஒரு துண்டு மறந்துருவாரு. போன் பண்ணினா குடுப்பாரு. ஆனா அதுக்குள்ள ஒரு பெரிய கதை. கூண்டோட தலை காத்துல பறந்து உசேன் சாகர்ல விழுந்துருச்சாம், இவரு நீந்திப் போயி எடுத்தாராமா. அன்னிக்கு அடுப்புல எனக்குப் பாலு பொங்கி ஊத்திருச்சு."

"போனை வெச்சிருக்கலாமே?"

"வெக்கறதுக்கு மனசு வரலைங்க."

அவளைத் திருடி என்று நான் சொல்லவில்லை, என்னை மறதிக்காரன் என்று அவள் சொல்லிவிட்டாள். கலேப் கத்தரிக்கோல்போல இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினான். போனை வைத்தால் போதும். கடை மூடும். ஊரெல்லாம் மறுபடி தலையில்லாத கூண்டோடு என்னைக் கூப்பிடும். சிவப்புப் பொத்தான்மேல் விரல் போய்விட்டது.

"அவரு நீந்தலம்மா" என்றேன். "எனக்கு அந்த ஆளைத் தெரியும். நீச்சலே வராது. ஒரு எருமை மேல ஏறித்தான் போனாரு."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"எருமைக்கு வழி தெரியுமாங்க?"

"தெரியாது. கேட்டுக் கேட்டுத்தான் போச்சு."

"ஹவ்லா மாதிரி, பைத்தியம் மாதிரி பேசாதீங்க அத்தான், நக்கோ, வேண்டாம்" என்று கலேப் கிசுகிசுத்தான். நான் ஸ்பீக்கரை அணைத்து, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"பசை இருக்குதுங்களா?" என்றாள். "வாங்க, தலைய ஒட்டிரலாம்."

வெட்டினேன். அவள் சொன்ன கோட்டில் மடித்தேன். என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். நான் வரைந்திருந்தால் இத்தனை சின்னதாக வைத்திருக்க மாட்டேன், ஆனால் அது பொருந்தியது.

"அப்படியே அமுக்கிப் புடிச்சுக்குங்க. விட்டா பேந்துரும். பாப்பா எந்திரிச்சுட்டா, இருங்க, வந்தர்றேன்."

போனை எங்கேயோ வைத்தாள், துண்டிக்கவில்லை. ஒரு குழந்தை தெலுங்கில் தண்ணீர் கேட்டது. இவள் கோயமுத்தூரில் பதில் சொன்னாள்.

"வைங்க அத்தான்" என்றான் கலேப். அவன் கட்டைவிரல் அவனுடைய போனுக்கு மேலே அந்தரத்தில் நின்றது.

நான் போனை வைக்காமல், இரண்டு விரலால் மணிக்கூண்டின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். குகட்பள்ளியில் யாரோ குழாயைத் திறந்தார்கள். குடத்தில் விழும் தண்ணீரின் சத்தம் அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலேறி வந்துகொண்டிருந்தது.